மிதக்கும் வீட்டுக்கு ஓர் அஸ்திவாரம்

எங்கள் திட்டில் பாம்பு கடித்த கையோடு எழுந்து டீ குடிக்கப் போன முதல் ஆள் கோதண்டம் மாமாதான். கரும்புக் கொல்லையில் காய்ந்து உதிர்ந்த சோகைக்கு அடியில் கிடந்த கண்ணாடிவிரியனை மிதித்துவிட்டார். அது முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டது. நாங்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிப்போனோம். மாமா வரப்பில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். நீலத் துணியின் மேல் விஷம் கோந்து மாதிரி இரண்டு சொட்டு நின்றது. உள்ளே தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாவம்டா அது. பல்லு வலிச்சிருக்கும்" என்றார் மாமா.

அந்தக் காலுறை நீலநாரில் நெய்தது. அந்த நாரைச் செய்த ஆலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு. எங்கள் வாயில் நுழைந்தது நீலநார். முடியைவிட மெல்லிசு. அரிவாள் அதன்மேல் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அதுவரை எங்கள் ஊரில் கரும்பு வெட்டுகிறவன் காலைப் பார்த்தாலே தெரியும், எத்தனை வருஷம் வெட்டினான் என்று. தழும்புக்கு மேல் தழும்பாக இருக்கும். நீலநார் வந்த பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தழும்பே இல்லை. அவர்கள் காலைப் பார்த்தால் ஆபீஸ்காரன் கால் மாதிரி இருக்கும்.

எனக்கு இடுப்பு விட்டுப்போய்க் கரும்பு வெட்ட முடியாமல் ஆனபோது, கொள்ளிடத்துத் தென்கரையில் இருந்த பலகைப் பட்டறையில் சேர்ந்தேன். நீலநார்த் துணியை அச்சுத் தொட்டியில் விரித்து, மேலே பசை ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றி, அதற்கு மேல் இன்னொரு துணி. காற்றுக்குமிழி ஒன்று உள்ளே நின்றுவிட்டாலும் பலகை அந்த இடத்தில் பொக்கை. நாள் முழுக்க உருட்டினால் தோள்பட்டை கழன்று விழும். பசை வாடை சோற்றிலும் வரும். ஆனால் காய்ந்த பலகையை அச்சிலிருந்து எடுக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நிறையும். கதவு அகலப் பலகையை ஒரு கையால் தூக்கலாம். அதன் மேல் டிராக்டரை ஏற்றினால் கொஞ்சம் வளையும். இறங்கினதும் நிமிர்ந்துகொள்ளும்.

அந்தப் பலகையில்தான் அரசாங்கம் எங்களுக்கு வீடு கட்டியது.

எங்கள் ஊர் கோரைத்திட்டு. கொள்ளிடத்துக்கு நடுவில் மணல் சேர்ந்து மேடான இடம். ஆற்றில் வெள்ளம் வரும் ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்போம். திரும்பி வந்தால் சுவர் கரைந்து கிடக்கும். நீலநார் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அடிப்பாகம் தோணி மாதிரி இருக்கும். மூலைக்கு ஒரு நீலநார்ப் பட்டை. பட்டையின் மறுமுனை ஒவ்வொரு மூலையிலும் ஆழமாக அடித்த இரும்புக் கம்பத்தில், ஒரு உருளையில் சுற்றியிருக்கும். தண்ணீர் ஏறினால் உருளை அவிழ்ந்து கொடுக்கும், வீடு மிதக்கும். தண்ணீர் இறங்கினால் சுற்றிக்கொள்ளும், வீடு பழைய இடத்தில் உட்காரும்.

வீடுகள் வந்த அன்று படகிலிருந்து நாங்களே தோளில் தூக்கி இறக்கினோம். ஒரு முழு வீட்டை, சாமி பல்லக்கு மாதிரி. பாதி வழியில் கோதண்டம் மாமா தோளை எடுத்துவிட்டு நடந்து வந்தார். யாருக்கும் கனம் கூடவில்லை.

"என்னடா இது, வீடா அப்பளமா" என்றார். "காத்தடிச்சா மாயவரம் போய்த் திண்டாடணும்."

சிரித்தோம். ஆனால் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. கால்கோள் போடவில்லை. குழி தோண்டிப் பூசை செய்யவில்லை. அஸ்திவாரமே இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுப்பார்களா என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள்.

உறுத்தல் நிஜமானது ஆர்.ஐ. வந்தபோது. வருவாய் ஆய்வாளர் சாமிதுரை நல்ல மனுஷன். மூச்சுவாங்க நடந்து வந்து எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பட்டா எப்போது வரும் என்று கேட்டோம். அவர் வீட்டைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"மனைப்பட்டா மண்ணுல ஊனின வீட்டுக்குத்தான். இது ஊனலயே. சைக்கிள், கட்டில் மாதிரி இதுவும் ஒரு சாமான். சாமானுக்குப் பட்டா கிடையாது."

"கம்பத்துல கட்டியிருக்குல்ல சார்" என்றேன்.

"கம்பம் அரசாங்கத்தோடது. மாட்டைக் கட்டுத்தறியில கட்டினா தறி இருக்கற இடம் மாட்டுக்குச் சொந்தமாயிடுமா?"

சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சட்டம் போட்டப்ப இப்படி ஒரு வீடு வரும்னு யாருக்குத் தெரியும்? மேல எழுதிப் பாக்கறேன்" என்று கிளம்பினார். தை கழிந்து அளக்க வருவதாகவும், அதற்குள் யார் வீடாவது ஊன்றியிருந்தால் அதற்கு மட்டும் எழுதலாம் என்றும் போகிற போக்கில் சொன்னார்.

அதைக் காதில் வாங்கியவள் தையல்நாயகி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. கரும்பு வெட்டுவதில் அவளுக்கு ஈடு கொடுக்க ஆண்பிள்ளை கிடையாது. அவள் புருஷன் ராமையன், கேட்டால் தவிர வாய் திறக்காதவன். கேட்டாலும் பாதி நேரம் தலையைத்தான் ஆட்டுவான்.

அக்கரையிலிருந்து ஒரு கொத்தனாரைப் படகில் கூட்டிவந்தாள். மூலைக்கு ஒன்றாகக் கிணற்று உறைகளை மண்ணில் இறக்கி, கம்பி வைத்து, ஜல்லி கலந்து நிரப்பினார்கள். கான்கிரீட் இறுகும் முன்னே வீட்டின் நாலு பட்டைகளையும் உருளையிலிருந்து கழற்றி, குட்டையாகப் பிடித்து, முனையை அதற்குள் புதைத்துவிட்டார்கள். நான் பட்டறையிலிருந்து திரும்பியபோது கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தையலு, என்னா காரியம் பண்ணிட்ட? தண்ணி வந்தா வீடு எழும்பாது."

"எழும்பத்தான் வேணாங்குறேன்" என்றாள். "ஆத்தங்கரைல குடிச போட்டேன், காலி பண்ணுன்னு எழுப்பினான். ரயிலடில போட்டேன், எழுப்பினான். ரெண்டு தடவ எழும்பியாச்சுண்ணே. இனிமே என்னைய யாரும் எழுப்பக்கூடாது."

வீட்டுக்குள் வந்தால் என் பெண்டாட்டி சிந்தாமணி பாத்திரத்தைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ புத்திசாலி. பட்டா வாங்கிடுவா. நீ பலகைக்குப் பசை தடவினவன், வேடிக்க பாரு."

"வெள்ளம் வந்தா என்னாகும்னு தெரியுமா?"

"மூணு வருசமா வரல. வந்தா பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் நாங்களும் போடலாம் என்று அவள் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பியதாகப் பிறகு தெரிந்தது. அவள் மட்டுமில்லை, கோதண்டம் மாமா வீட்டிலும் ஜல்லி விலை விசாரித்திருக்கிறார்கள். கொத்தனார் வருவதற்குள் ஆறு வந்துவிட்டது.

மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பி, வெள்ளம் கீழணையையும் தாண்டிவிட்டது என்று ஆட்டோவில் மைக் வைத்துக் கரையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆனால் எங்களை யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடவில்லை. நாங்கள் மிதக்கிறவர்கள் ஆயிற்றே. வீடு மிதப்பதைப் பார்க்க ஆலையிலிருந்து பர்வீன் மட்டும் மோட்டார் படகில் வந்தாள். நாகூர்ப் பெண். இந்த வீட்டைக் கணக்குப் போட்டு வரைந்தவர்களில் ஒருத்தி. பட்டறைக்கு வந்தால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். குமிழி எங்கே நிற்கிறது என்று என் உருளையை வாங்கி உருட்டிப் பார்ப்பாள்.

தண்ணீர் கோரைக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்தது. வாசலில் நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசலைக் காணோம். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். சிந்தாமணி அடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எங்கே போகும் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது வீடு எழுந்தது. படுத்திருந்த மாடு எழுவதுபோல் முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். பரணில் சொம்பு ஒன்று உருண்டது. வெளியே உருளைகள் கிறுகிறுவென்று அவிழ்ந்து கொடுத்தன. அவ்வளவுதான்.

நான் ஜன்னல் வழியாகப் பலகையைத் தடவிப் பார்த்தேன். இதில் எந்தப் பலகை என் கை பட்டது என்று தெரியவில்லை. எல்லாமே என் கை பட்டது மாதிரிதான் இருந்தது. ஆற்றின் மேலே, சோறு வடித்த பானை அசையாமல், நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். திட்டு முழுக்க வீடுகள் ஒன்றுபோல் தலை தூக்கி நின்றன. அக்கரையில் கூடியிருந்த ஜனம் கைதட்டியது இங்கே கேட்டது.

ஒரு வீடு மட்டும் எழவில்லை.

தையல் வீட்டுப் பட்டைகள் நாலும் விறைத்து நின்றன. தண்ணீர் அவற்றின் மேல் உரசிப் போகும்போது ஒரு முனகல் வந்தது. வாசற்படி முழுகி, தண்ணீர் கதவின் கீழ்விளிம்புக்கு வந்திருந்தது. ஜன்னலில் தையல் நின்றாள். அவளுக்குப் பின்னால் கட்டிலின் மேல் ராமையன்.

பர்வீன் படகை அவள் வீட்டு மூலைக்கு விட்டு, பட்டையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். கோதண்டம் மாமா தன் வீட்டிலிருந்தே கத்தினார்.

"இஞ்சினியரம்மா, அறுத்து வுட்டுட வேண்டியதுதான?"

"எதால மாமா அறுக்கறது?"

மாமா நீந்தி வந்து கரும்பு அரிவாளால் போட்டுப் பார்த்தார். அரிவாள் வழுக்கி, காலில் போய்ப் பட்டது. காலுறை இருந்ததால் கால் தப்பித்தது. பர்வீன் படகில் ஏறிப் போய் இரும்பு அறுக்கும் பிளேடால் நான் அறுத்தேன். பிளேடின் பல்தான் மழுங்கியது. ராமையன் உள்ளிருந்து முதல் தடவையாகக் குரல் கொடுத்தான்.

"கொளுத்தினா?"

"பட்டை கருகறதுக்கு முன்னாடி வீடு எரிஞ்சிடும் அண்ணே" என்றாள் பர்வீன். "வெட்டற மெஷின் ஆலைலதான் இருக்கு. போய்க் கொண்டுவர நாளைக்காகும்." பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள். "இது அறுந்தா தேவலன்னு இன்னைக்குத்தான் முதல் தடவையா நெனைக்கறேன் வைத்தி அண்ணே."

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் படகுல ஏறிடுங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

"வீடு?"

"வீடு தண்ணி குடிச்சிடும். ஜன்னல் வரைக்கும் வந்துட்டா வெள்ளமும் சேறும் உள்ள ரொம்பி அமுக்கிடும். ஆத்தோட இழுப்புல பலக பிரிஞ்சிரும்."

"அப்ப நான் வரல."

"ஏன்டி, உசுரு போனா பட்டாவ எங்க ஒட்டிக்குவ?" என்றார் மாமா.

"நான் எறங்கினா வீடு போவும். வீடு போனா எடம் போவும். எடம் போனா நான் எங்க போவேன்? மூணாந்தடவ எந்தப் பொறம்போக்குல போய்ப் படுக்கறது? சொல்லுங்க மாமா, அந்த எடத்துக்கே போறேன்."

தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கதவில் கோலக்கோடு ஒன்று இருந்தது, பிறகு இல்லாமல் போனது.

பர்வீன் படகில் குந்தி, தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"அண்ணே, உங்க வீட்டத் தூக்குறது யாரு?"

"தண்ணி."

"தண்ணி இன்னும் ஏறும். சாயங்காலம் வரைக்கும் ஏறும்னு கீழணைல சொல்றாங்க. உங்க வீட்டத் தூக்குறப்பவே இவங்க வீட்டையும் தூக்கச் சொல்லலாம். சுத்தி நாலு வீடு. நாலையும் இவங்க வீட்டு ஓரமா இழுத்துட்டு வந்து, உங்க வீட்டு மேல்வளையத்துலேர்ந்து இவங்க வீட்டு அடிவளையத்துக்குப் பட்டை கட்டணும், தொய்வே இல்லாம. தண்ணி ஏற ஏற நாலு வீடும் எழும்பும். எழும்பறப்ப இத இழுக்கும். பட்டை அறாது. அப்ப எது வரணும்?"

"அஸ்திவாரம்" என்றேன்.

"வேரோட வரணும்."

பரணில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுருள் பட்டை உபரியாகக் கொடுத்திருந்தார்கள். பட்டைக்குக் குறைவில்லை. ஆனால் பர்வீன் இன்னொன்றையும் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"இவங்க வீடு வரலேன்னா உங்க வீடுங்க இந்தப் பக்கமா சாயும். சாஞ்சா தண்ணி உள்ள வரும். நீலநார் முடிச்சு ஈரத்துல இறுகினா அவுக்க வராது. வேணாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

கோதண்டம் மாமா தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் மகளுக்கு அந்த மாசம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பலகையை நம்பினேன். பட்டையை நம்பினேன். அக்கரைக் கொத்தனார் போட்ட கான்கிரீட் எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்?

தையல்தான் முதலில் பேசினாள். "யாரும் கட்ட வேணாம்."

"ஏங்கறேன்?" என்றார் மாமா.

"புடுங்கினா என் எடம் போச்சு. ஆர்.ஐ. வந்து பாத்தா வெறும் குழிதான் இருக்கும்."

"நாங்க சாட்சி சொல்றோம், இங்கதான் ஊனியிருந்திச்சின்னு."

"நீங்கல்லாம் மெதக்கறவங்க. ஒங்க சாட்சி எந்தக் கணக்குல சேத்தி?"

அது மாமாவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த நேரத்தில் எங்கள் பரணில் ஏதோ தடதடவென்று விழுந்தது. திரும்பினால் சிந்தாமணி சுருளைக் கீழே தள்ளிவிட்டு, இறங்கி வந்து, ஒரு முனையை மேல்வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி பண்ற?" என்றேன்.

"நீ அந்தக் கம்பத்து உருளைய அவுத்து வுடு. வீட்ட அந்தப் பக்கமா தள்ளுவோம்." பிறகு ஜன்னலில் போய் நின்று மறுமுனையைத் தையல் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வீசினாள். "தையலு. ஒன்னையப் பாத்து நானும் அஸ்திவாரம் போடறதா இருந்தேன். வெள்ளம் ஒரு வாரம் பிந்தி வந்திருந்தா நானும் இப்ப ஒன்ன மாதிரி ஜன்னல்ல நின்னுக்கிட்டிருப்பேன். அப்ப நீ என்னைய இப்படி வுட்டுட்டுப் போவியா?"

தையல் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போவ மாட்ட. வாய்தான் ஒனக்கு. கட்டுடி."

அவள் வீட்டு அடிவளையம் தாழ்வாரத்துக்குக் கீழே, தண்ணீருக்குள் இருந்தது. வெளியிலிருந்து எட்டாது. தாழ்வாரத்திலிருந்து குனிந்து கை விட்டால்தான் எட்டும். கட்ட வேண்டியவள் அவள்தான். தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள், பட்டை முனை அவள் காலடியில் கிடந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரமோ, எனக்கு ஒரு பகல் மாதிரி இருந்தது. பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். முடிச்சைப் போட்டுவிட்டு, "அடுத்தத வீசு" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அதைப் பார்த்து மாமாவும் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் பரணிலிருந்து சுருளை இறக்கினார்கள். நாலு வீட்டையும் ஓட்டிக் கொண்டுவந்தோம். தண்ணீரில் வீட்டைத் தள்ளுவது வாழைத்தண்டைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நாலு பக்கமும் நெருங்கி நின்று, பட்டைகளை இழுத்துக் கட்டி, பிறகு காத்திருந்தோம். தண்ணீர் ஏறியது. எங்கள் வீடு ஏற முயன்றது. பட்டை இறுகியது. தரை தையல் வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கியது. சொம்பு உருண்டு அந்த மூலைக்குப் போய் நின்றது. சுவர்ப் பலகைகள் கொஞ்சம் வளைவதை நான் பார்த்தேன். மற்ற எந்தச் சுவராக இருந்தாலும் வெடித்திருக்கும். இவை வளைந்தன, நின்றன.

"சேறு கவ்விப் புடிச்சிருக்கு" என்றாள் பர்வீன். "இழுப்பு மட்டும் போதாது. ஆட்டி விட்டா சேத்துக்குள்ள தண்ணி எறங்கும், புடி தளரும். எல்லாரும் வீட்டுக்குள்ள ஒண்ணா இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓட முடியுமா?"

லாரியில் கரும்புக்கட்டு ஏற்றும்போது கோதண்டம் மாமாதான் எங்களுக்குக் குரல் கொடுப்பார். இப்போதும் கொடுத்தார். கொஞ்ச நேரம் முன்பு பட்ட கோபம் இன்னும் அவர் குரலில் இருந்தது.

"இந்தாண்ட... அந்தாண்ட. இந்தாண்ட... வைத்தி, சோறு தின்னவன் மாதிரி ஓடுடா. அந்தாண்ட. தையலு, ஒன் புருசன ஓடச் சொல்லு, கட்டில்ல என்னா சீமந்தமா நடக்குது?"

ராமையன் கட்டிலிலிருந்து இறங்கி ஓடினான். ஐந்து வீட்டில் இருந்தவர்களும் ஓடினோம். என் இடுப்பு கெஞ்சியது. நடுவில் சிந்தாமணி சிரித்துவிட்டாள். கிழங்கட்டைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். தையல் வீட்டுக் கதவுக்குக் கீழே தண்ணீர் கசிந்து தரையில் பரவத் தொடங்கியிருந்தது. அவள் அதிலேயே சளப் சளப்பென்று ஓடினாள்.

முதலில் கிழக்கு மூலை. சேற்றிலிருந்து எருமை காலை உருவுகிற சத்தம், அதைவிடப் பத்து மடங்கு. வீடு ஒரு பக்கமாகத் துள்ளியது. பட்டை அறவில்லை. பிறகு மேற்கில் இரண்டும் ஒன்றாக. கடைசி மூலை பிடித்துக்கொண்டே இருந்தது. மாமா குரல் கட்டிப்போகும் வரை ஓடினோம். அது விட்டபோது ஐந்து வீடும் சேர்ந்து தூக்கிப்போட்டன. நாங்கள் எல்லோரும் விழுந்தோம்.

"வந்திருச்சு" என்றான் ராமையன்.

தண்ணீர் சற்றுத் தெளிந்த ஓரத்தில் எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டுக்கு அடியில், தண்ணீருக்குள், நாலு கான்கிரீட் உறைகளும் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை கனத்தையும் கட்டைவிரல் அகலத் துணி தாங்கிக்கொண்டிருந்தது. பர்வீன் படகில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். தன் கையால் வரைந்ததுதான் என்றாலும் அவள் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். "இதுக்குன்னு நான் கணக்கே போடலண்ணே" என்றாள்.

தையல் மட்டும் குனிந்து பார்க்கவில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள். "போச்சு" என்றாள். சிந்தாமணி நடுவே ஒரு பலகை போட்டுத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் வடிந்தபோது முதலில் தரையைத் தொட்டது தையல் வீட்டு உறைகள்தான். பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேடாகப் படிந்த புது வண்டலில், வீட்டுக் கனம் முழுக்க மேலே அழுத்த, அவை அப்படியே இறங்கி உட்கார்ந்துகொண்டன. எங்கள் வீடுகளை உருளைகள் பழைய இடத்துக்கு இழுத்துப் பார்த்தன. முடிச்சுகள் விடவில்லை. கல்லாக இறுகியிருந்தன. ஐந்து வீடும் கோழியும் குஞ்சும் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. பழைய வாசல்கள் இருந்த இடத்தில் இப்போது ஆற்றின் ஒரு கிளை ஓடிக்கொண்டிருந்தது. மாமா காலைக்கடனுக்குப் போகக் பட்டையைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருப்பதாகத் தினமும் எல்லோரையும் திட்டினார்.

தை கழிந்து சாமிதுரை அளக்க வந்தார். கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்.

"எடத்தையே காணோம். வீடுதான் இருக்கு" என்றார்.

தையல் வாசலில் நின்றாள். அவர் சுற்றி வந்து, உறைகளைக் கம்பியால் குத்திப் பார்த்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விதியை எங்களுக்கே வாசித்தார். "மண்ணில் ஊன்றிய கட்டடம். அல்லது ஊன்றியதோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்த கட்டடம்." நிமிர்ந்து பார்த்தார். "இந்தம்மா வீடு ஊனியிருக்கு. ஆறு வச்ச எடம், ஆட்சேபணை சொல்ல ஆளில்ல. எழுதிடலாம். மத்த நாலும் இதோட பிரிக்க முடியாம சேந்திருந்தா அதையும் எழுதணும். பிரிக்க முடியுமா, முடியாதா?"

எல்லோரும் பர்வீனைப் பார்த்தோம். அனுமதி கிடைக்கத் தாமதமாகி, அன்று காலைதான் அவள் ஆலையிலிருந்து வெட்டும் யந்திரத்தைப் படகில் கொண்டுவந்திருந்தாள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை.

"முடியும் சார். மெஷின் படகுல இருக்கு. முடிச்சு அந்தக்கா வீட்டு வளையத்துல இருக்கு. அவங்க சொன்னா வெட்டறேன்."

"வெட்டினா?" என்றாள் தையல்.

"ஒங்களுக்குத் தனிப் பட்டா. இந்த மேடு முழுக்க ஒங்க பேருல. அவங்க பழையபடி." சாமிதுரை கண்ணாடியைக் கழற்றினார். "வெட்டலேன்னா அஞ்சு குடும்பத்துக்கும் ஒரே பட்டா. நாளைக்கு ஒரு செவுரு வைக்கணும்னாலும் அஞ்சு பேரு சம்மதம் வேணும். யோசிச்சு சொல்லும்மா."

ராமையன் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். நான் என் கை விரல்களைப் பார்த்துக்கொண்டேன். இதில் கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. இடுப்பொடிய வெட்டின கரும்புக் கூலியில் ஜல்லி வாங்கியவள் அவள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே போன பட்டையில் சிந்தாமணி தன் புடவையைக் காயப்போட்டிருந்தாள்.

"அதை எடுடி" என்றாள் தையல்.

சிந்தாமணி முகம் சுண்டிப்போய், புடவையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். தையல் பட்டையைப் பிடித்துப் பார்த்தாள். விரலால் வழித்துக்கொண்டே முடிச்சு வரைக்கும் போனாள். அங்கே குனிந்து, தான் போட்ட முடிச்சை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. பட்டையில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுதிக்கங்க சார். அஞ்சு பேரு. என் பேரு மொதல்ல வரணும், சொல்லிப்புட்டேன்."

சாமிதுரை எழுதினார். "அடுத்து?"

நான் என் பெயரைச் சொல்ல ஒரு அடி முன்னால் வந்தேன்.

"சிந்தாமணி" என்றாள் தையல். பிறகு அவள் பக்கம் திரும்பி, "பொடவைய ஏன் கையில வச்சிக்கிட்டு நிக்கிற? தொடச்சுட்டேன், போடு. ஈரமா இருக்கு."